இன்பிட்வீன் வேலையிலிருந்து கதைப் பிரிவுக்குப் போக

வணக்கம். இன்பிட்வீன், அதாவது கார்ட்டூன் படத்தில் முக்கியமான ஓவியங்களுக்கு நடுவே வரும் ஓவியங்களை வரைந்தே சலித்துவிட்டது, கதைப் பிரிவில் கொடுத்த நாற்பது பக்கக் கதையை யாரும் புரட்டக்கூட இல்லை என்கிறீர்கள். நாற்பது பக்கம் யார் படிப்பார்கள்? ஒரே ஒரு காமெடியை வரைந்து நீட்டுங்கள்.

பின்னாளில் டொனால்ட் டக் காமிக்ஸ் வரைந்த கார்ல் பார்க்ஸ் 1935-இல் டிஸ்னியில் சேர்ந்தபோது உங்கள் வேலையைத்தான் பார்த்தார். அவர் கொடுத்த யோசனை இது: தானாக முடிவெட்டும் நாற்காலியில் டொனால்ட் டக் தலைகீழாக மாட்டிக்கொள்கிறது. பின்பக்கத்தைத் தலை என்று நினைத்து இயந்திரம் அங்கே முடிவெட்டுகிறது, முகத்துக்கு ஷூ பாலிஷ் போடுகிறது! வசனமே வேண்டாம், பார்த்தாலே சிரிப்பு வரும். 50 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆளையும் கதைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். 1937-இல் படமும் வந்தது.

நீங்களும் நான்கைந்து கட்டத்தில் முடிகிற மாதிரி வரையுங்கள். ஸ்டுடியோ இப்போது எடுக்கும் தொடரின் பாத்திரத்தையே வைத்து வரைந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், பெயர் விஷயம். 1942-இல் டிஸ்னியை விட்டு காமிக்ஸுக்குப் போன பார்க்ஸ், 1947-இல் டொனால்டின் பணக்கார ஸ்க்ரூஜ் மாமாவையே உருவாக்கினார். ஆனாலும் பல வருடம் புத்தகத்தில் அவர் பெயர் கிடையாது; வாசகர்களுக்கு அவர் வெறும் 'நல்ல வாத்து ஓவியர்'. கொடுக்கும் ஒவ்வொரு தாளிலும் பெயரும் தேதியும் போட்டு, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.