பச்சைச் சளிக்கு அன்டிபயோட்டிக் வேண்டுமா?

கேள்வி: மூன்று வயது மகனுக்குத் தடிமன். நாலாம் நாள் சளி பச்சையாகிவிட்டது. முதலில் காட்டிய டொக்டர் பனடோல் பாணி மட்டும் தந்தார். இன்னொருவர் அன்டிபயோட்டிக் எழுதினார். எதைக் கேட்பது?
– ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: பிள்ளை குடித்து, விளையாடி, சிரமமில்லாமல் மூச்சுவிட்டால் முதலாமவர் சொன்னதைக் கேளுங்கள் தங்கச்சி. பச்சை நிறம் பக்டீரியாவுக்கு அடையாளமல்ல. கிருமியோடு போராட வரும் வெள்ளை அணுக்களுக்குள் பச்சை நிற நொதியம் ஒன்று இருக்கிறது. அவை செத்து உடைய, சளியும் அந்த நிறமாகிறது. வைரஸ் தடிமனிலும் இப்படித்தான். இரவெல்லாம் தேங்கி நிற்பதால் விடிய மூக்குச் சீறும்போது இன்னும் கடும் பச்சையாக இருக்கும்.

தடிமன் 7 முதல் 10 நாள் நிற்கும். இருமல் 3 கிழமை வரைகூட இழுபடும். அன்டிபயோட்டிக் இதைக் குறைக்காது. நாலாம் நாள் தொடங்கிய மருந்து முடியும்போது தடிமனும் தானாக முடிவதால், மருந்துதான் சுகமாக்கியது போலத் தெரியும். உண்மையில் மிஞ்சுவது வயிற்றோட்டமும், சில பிள்ளைகளுக்குத் தோல் தடிப்பும்தான். அதோடு, உடம்பில் இருக்கும் பக்டீரியாக்களில் மருந்துக்கு அடங்குபவை செத்து, அடங்காதவை பெருகுகின்றன. நாளைக்கு நியூமோனியா வந்தால் அதே மருந்து கைவிட்டுவிடலாம்.

நிறத்தை விட்டு மூச்சைப் பாருங்கள். பிள்ளை நித்திரையில் இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு எழும்பித் தாழ்வதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிக்க வேண்டாம். சிறுபிள்ளைகளின் மூச்சு சீராக வராது. 1 முதல் 5 வயதுக்கு 40, ஒரு வயதுக்குக் கீழே 50, 2 மாதத்துக்குக் கீழே 60. இந்த அளவைத் தொட்டாலே வேகமான மூச்சு. அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். காய்ச்சல் கொதிக்கும்போதும் மூச்சு கூடும் என்பதால், இறங்கிய பிறகும் ஒருமுறை எண்ணுங்கள். மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே குழிந்தாலோ, குடிக்கவே முடியாமல் சோர்ந்தாலோ, உதடு நீலித்தாலோ எண்ணிக்கொண்டிராமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

காய்ச்சலுக்கு பரசிட்டமோல் (பனடோலும் இதுதான்), ஒரு கிலோ நிறைக்கு 15 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் அது 7.5 மில்லிலீற்றர். 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 4 தடவைக்கு மேல் கூடாது. மாரியில் டெங்கும் வரும், டெங்கில் இரத்தக்கசிவைக் கூட்டலாம் என்பதால் இபுப்ரோபன் என்ற காய்ச்சல் மருந்தைக் கொடுக்காதீர்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தம் சோதிக்க வேண்டும். இருமலுக்குப் படுக்கப்போகும்போது அரைத் தேக்கரண்டி தேன் நல்லது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மட்டும் தேன் ஆகாது.

கேள்வி: தொண்டை நோவுக்கு பாமசியில் மூன்று அசித்ரோமைசின் (அன்டிபயோட்டிக்) குளிசை வாங்கினால் போதாதா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம். மூக்கொழுகலும் இருமலும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் வைரஸ்தான். வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளியுங்கள். இருமலே இல்லாமல் காய்ச்சல், டொன்சிலில் வெள்ளைப் படிவு, கழுத்தில் நோகும் நெறி என்று வந்தால் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியாவாக இருக்கலாம், வைத்தியரைக் காணுங்கள். அதற்குப் பென்சிலின் அல்லது அமொக்சிசிலின் 10 நாள் தருவார்கள். இரண்டு மூன்று நாளில் நோ போய்விட்டாலும் நிறுத்தாதீர்கள். மிஞ்சும் கிருமியால் வாதக் காய்ச்சல் வந்து, இதய வால்வைக் கெடுக்கலாம். பென்சிலின் ஒத்துவராதவர் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். அசித்ரோமைசின் அவர்களுக்கென்று வைத்திருக்கும் மருந்துகளில் ஒன்று.