அடுக்களையில் ஒரு காதல் பாட்டு

கேள்வி: காதல் கவிதைகள் பெரும்பாலும் சந்திப்பையும் பிரிவையுமே பாடுகின்றன. சமையலும் வேலையுமாகக் கழியும் மண வாழ்க்கையின் அன்பைப் பற்றி அவற்றுக்குச் சொல்ல ஏதேனும் உண்டா?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: உண்டு, மிகப் பழைய கவிதைகளிலேயே உண்டு. கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167-ஆம் பாடலைப் படித்துப் பாருங்கள். புதிதாகக் குடித்தனம் தொடங்கிய மகளின் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய், அங்கே கண்டதைப் பெற்ற தாயிடம் சொல்கிறாள். முற்றிய தயிரைக் காந்தள் போன்ற விரல்களால் பிசைந்த அந்தப் பெண், விரலைத் துடைத்துக்கொண்ட ஆடையைத் துவைக்காமல் அப்படியே உடுத்திக்கொண்டு, தாளிப்புப் புகை கண்களில் நிறைய, தானே பாடுபட்டுப் புளிக்குழம்பு வைக்கிறாள். ‘இனிது’ என்று சொல்லிக் கணவன் உண்கிறான். அவள் முகம் மிக நுட்பமாக மலர்கிறது. ஆறே அடிகள். காதல் என்ற சொல்லும் அன்பு என்ற சொல்லும் அவற்றில் இல்லை.

அந்த மலர்ச்சியைக் கணவன் கவனித்தானா என்று பாட்டு சொல்லவில்லை. வளர்த்தவளின் கண் அதைக் கண்டுகொண்டது. மகள் நலமாக வாழ்கிறாளா என்று ஏங்கும் தாய்க்கு, வீட்டின் வளத்தையோ மருமகனின் பெருமையையோ எடுத்துரைக்காமல், ஒரு வேளைச் சோற்றையும் ஒரு முகத்தையும் மட்டும் சொல்லி அவள் மனத்தை நிறைத்துவிடுகிறாள் செவிலி. கறை படிந்த சேலையோடு அடுப்படியில் நிற்கும் பெண்ணைக் கவிதைக்கு உரியவளாகக் கண்ட கூடலூர் கிழாரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இதே தொகையில் மிளைக் கந்தன் பாடிய 196-ஆம் பாடல் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. பிற பெண்களிடம் சென்று திரும்பிய தலைவனை வாயிலில் நிறுத்தித் தோழி பேசுகிறாள்: முன்பு என் தோழி வேப்பங்காயைத் தந்தாலும் வெல்லக்கட்டி என்றீர், இப்போது பாரியின் பறம்பு மலைச் சுனையில் தை மாதத்தில் குளிர்ந்த தெளிநீரைத் தந்தாலும் வெப்பமாக இருக்கிறது, உவர்க்கிறது என்கிறீர், உம் அன்பு அத்தகையது, ஐயா. சாப்பாட்டைப் பற்றி வீட்டில் எழும் குறைகளில் எத்தனை உண்மையிலேயே சாப்பாட்டைப் பற்றியவை என்று இதைப் படித்த எவருக்கும் ஐயம் வரும்.

அடுத்ததாகத் திருக்குறளில் ஊடலின் நுட்பங்களைப் பாடும் ‘புலவி நுணுக்கம்’ அதிகாரத்தைப் படியுங்கள். 1317-ஆம் குறளில் கணவன் தும்முகிறான், மனைவி வாழ்த்துகிறாள், மறுகணமே, யார் நினைத்ததால் தும்மினீர் என்று கேட்டு அழுகிறாள்.