வீடும் கேள்வியும்: ரெஜிபோம் வைத்த வெளிச்சுவர்ப் பூச்சு

திருகோணமலையில் வெயில் ஏற ஏற, வெளிச்சுவரில் ரெஜிபோம் (பொதி கட்டவும் பயன்படும் வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பலகை ஒட்டி, வலை வைத்துப் பூசும் முறையைப் பற்றிய கடிதங்களும் கூடிக்கொண்டே வருகின்றன. இம்முறை ஆறு கேள்விகளுக்குப் பதில்.

எங்கள் படுக்கையறையின் மேற்குச் சுவர் பின்னேரமானால் உள்ளே கைவைக்க முடியாமல் சுடுகிறது. ஆறங்குலப் புளொக் கல் சுவர். வீடு முழுக்க இந்தப் பூச்சைப் போடச் சொல்கிறார் ஒப்பந்தகாரர். தேவைதானா? எத்தனை அங்குலப் பலகை? – வாசகி, உவர்மலை

வீடு முழுக்க வேண்டாம். முதலில் கூரையைப் பாருங்கள். கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் வெப்பத் தடுப்பு ஒன்றும் இல்லாவிட்டால், சுவருக்கு வைத்திருக்கும் காசை முதலில் அங்கே போடுங்கள். கூரை சரியென்றால் மேற்குச் சுவரை மட்டும் எடுங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நின்றாலும் உச்சிக்குக் கிட்டவே நிற்கும். வடக்குச் சுவருக்கு இரண்டடி இறவாரமே நிழல் தந்துவிடும். மேற்கில் மூன்று மணிக்குப் பிறகு வெயில் சாய்ந்து விழுவதால் இறவாரத்தால் பயனில்லை.

இரண்டங்குலப் பலகை போதும். வெறும் புளொக் கல் சுவர் கடத்தும் சூட்டை அது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாக்கிவிடும். நாலங்குலம் போட்டால் மிச்சமிருக்கும் அந்தப் பங்கில்தான் பாதி குறையும். அதற்காக யன்னல் படி, பீலி எல்லாவற்றையும் இன்னும் வெளியே தள்ளவேண்டி வரும்.

பலகை வாங்கும்போது தராசில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பொதி கட்டும் ரெஜிபோமும் சுவருக்கான ரெஜிபோமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். எட்டடிக்கு நாலடி, இரண்டங்குலச் சீற் ஒன்று 2.4 கிலோவாவது இருக்கவேண்டும். அதாவது கன மீற்றருக்கு 16 கிலோ. ஓரத்தை நகத்தால் சுரண்டினால் மணிமணியாக உதிர்கிற பலகையை எடுக்காதீர்கள். தீயைத் தாங்கும் ரகமா என்றும் கேளுங்கள்: வெளியில் வைத்து ஒரு சிறு துண்டில் நெருப்புப் பிடித்து, நெருப்பை எடுத்ததும் அது தானாக அணையவேண்டும். தொடர்ந்து எரிந்து சொட்டினால் அது வீட்டுச் சுவருக்கு உரியதல்ல. வார்த்த சூட்டோடு வரும் பலகை பிறகு சுருங்கும், சுருங்கினால் பூச்சில் மூட்டுக்கு மூட்டு கோடு விழும். ஆகவே சில வாரமாவது கிடங்கில் கிடந்ததைக் கேட்டு வாங்குங்கள்.

கடலிலிருந்து எங்கள் வீடு கொஞ்சத் தூரம்தான். கீழ்ச்சுவரில் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ற் உரிகிறது. பலகை ஒட்டினால் அது மறைந்துவிடும் என்கிறார்கள். – வாசகர், நிலாவெளி

மறையும், ஒரு மாரி போனதும் பலகையோடு கழன்று வரும். உப்புப் பூத்த சுவரில் பசை கல்லைப் பிடிப்பதில்லை, உப்பைத்தான் பிடிக்கிறது.

ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அத்திவாரத்தின்மேல் ஈரத்தடுப்புப் படை இல்லாத பழைய வீடு, சுவரோடு கிடக்கும் மண்மேடு, பீலி இல்லாமல் முற்றத்தில் அடித்துத் தெறிக்கும் மழை, இவை மூன்றும்தான் வழக்கமான காரணங்கள். மண்ணை உள்நிலத்தை விட ஆறு அங்குலமாவது தாழ வெட்டி, தண்ணீரை வீட்டைவிட்டு ஓடவிடுங்கள். உப்பிய பழைய பூச்சைக் கல் வரை கொத்தி எடுத்துவிடுங்கள். உப்பைக் காய்ந்த கம்பித் தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். கழுவக்கூடாது: கழுவினால் உப்புக் கரைந்து திரும்பவும் கல்லுக்குள் போகும்.

காய்ந்ததா என்று பார்க்க, இரண்டடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உட்பக்கத்தில் நீர் முத்துமுத்தாக நின்றால் சுவருக்குள் இன்னும் ஈரம் உண்டு.

அதன்பிறகு ஒட்டுச் சோதனை. நாலங்குலச் சதுரத்தில் ரெஜிபோம் துண்டுகள் வெட்டி, வேலைக்கு வாங்கிய அதே பசையால் சுவரில் ஐந்தாறு இடத்தில் ஒட்டி, மூன்று நாள் கழித்துக் கையால் இழுங்கள். ரெஜிபோம் கிழிந்து ஒரு படை சுவரில் நின்றால் சுவர் தயார். துண்டு முழுதாகக் கழன்று, பின்னால் பெயின்றோ சுண்ணாம்போ ஒட்டி வந்தால் அந்தப் படையைச் சுரண்டாமல் வேலை தொடங்கக்கூடாது. ஒப்பந்தகாரர் இந்தச் சோதனையைத் தேவையில்லை என்று சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்? மேசன் வருமுன் நாங்கள் செய்து வைக்கவேண்டியது என்ன? – வாசகர், கிண்ணியா

ஒக்ரோபரிலிருந்து ஜனவரி வரை இந்த வேலையை நினைக்கவே வேண்டாம். மாரி முடிந்து பெப்ரவரி, மார்ச்சில் கூரை ஒழுக்கு, பீலி, பைப் வேலைகளை முடித்து, சுவரைக் காயவிட்டு, ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கி செப்ரெம்பருக்குள் சாரத்தை இறக்கிவிடுங்கள்.

ஆனால் அந்த மாதங்களில்தான் கச்சான், அதாவது தென்மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று. பசைமாப் பைகளில் பெரும்பாலும் 30 பாகைக்கு மேல் பூசவேண்டாம் என்றே போட்டிருப்பார்கள். காய்ந்த காற்று பூச்சின் தண்ணீரை உறிஞ்சினால் சீமெந்து இறுகுமுன் மேல்தோல் வெடிக்கும். ஆகவே மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பின்னேரத்திலும் செய்யவேண்டும், சாரத்துக்கு வெளியே நிழல்வலை கட்டவேண்டும். பலகையை நாட்கணக்கில் வெயிலில் வெறுமனே விட்டால் மஞ்சள் தூளாகும். அதை உரசித் தட்டாமல் பூசினால் பூச்சு அந்தத் தூளில்தான் ஒட்டியிருக்கும்.

பசை, பலகை, பூச்சு எல்லாம் சேர்ந்து சுவர் இரண்டரை அங்குலம் வெளியே வளரும். மேசன் வருமுன் பார்க்கவேண்டியது முழுக்க இதிலிருந்துதான் வருகிறது. யன்னல் படி புதிய முகத்தைத் தாண்டி ஒன்றரை அங்குலமாவது நீண்டு, அடியில் சொட்டு வெட்டோடு (தண்ணீர் சுவருக்கு ஓடாமல் சொட்டிவிடச் செய்யும் பள்ளம்) இருக்கவேண்டும். பீலியின் இறங்குகுழாய், வெளிக்குழாய், விளக்கு, ஏசி வெளிப்பெட்டி எல்லாம் கழற்றி நீட்டப்படவேண்டும். ஏசியின் பாரம் ரெஜிபோமில் விழக்கூடாது. தாங்கி கல்லிலேயே இறுக்கப்பட்டு, அது சுவரைத் துளைத்து வரும் இடம் சீலன்ற் அடைக்கப்படவேண்டும். மின்மானிப் பெட்டியை நீங்களாகவோ வீட்டு மின்வேலையாளரோ நகர்த்தவேண்டாம். மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள். விறகடுப்புப் புகைக்கூட்டைச் சுற்றி ரெஜிபோம் வேண்டாம், ரொக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய, எரியாத பஞ்சு) வையுங்கள். பக்கத்து வளவோடு ஒட்டிய சுவரென்றால் அந்த இரண்டரை அங்குலம் உங்கள் காணிக்குள் நிற்கிறதா என்றும் அளந்து பாருங்கள்.

இருபதடி நீளம், பத்தடி உயரச் சுவர், நாலடிச் சதுர யன்னல் ஒன்று. சாமான் எவ்வளவு? – வாசகி, அன்புவழிபுரம்

யன்னல் போக 184 சதுர அடி, ஏறத்தாழ 17 சதுர மீற்றர். இரண்டங்குல ரெஜிபோம் எட்டுக்கு நாலு சீற் 7. ஒவ்வொன்றையும் நாலுக்கு இரண்டாக வெட்டினால் 28 துண்டு வரும், 23 சுவருக்கு, மிச்சம் வெட்டுச் சேதத்துக்கு. ஒட்டும் பசைமா 70–85 கிலோ, வலை பதிக்கும் பூச்சுமா அதேயளவு, ஆக 25 கிலோப் பை 6 அல்லது 7. காரத்தைத் தாங்கும் கண்ணாடி நார் வலை, சதுர மீற்றருக்கு 145–160 கிராம் ரகம், ஓர மடிப்பு, மேற்கவிவு சேர்த்து 23 சதுர மீற்றர். பலகையைக் கல்லோடு இறுக்கும் பிளாஸ்ரிக் தட்டு ஆணி 120: நீளம் 115 மி.மீ., பலகைக்கு 50, பசைக்கு 10, பழைய பூச்சுக்கு 15, கல்லுக்குள் 40. மேற்பூச்சுக்கு முன் தடவும் அடிப்பூச்சு 5 கிலோ, ஒன்றரை மி.மீ. மணியுள்ள மேற்பூச்சு 25 கிலோ வாளி 2.

புளொக் கல் பொள்ளென்றால் சாதாரண அடி ஆணி பிடிக்காது. பொள்ளுக் கல்லுக்கென்றே உள்ள திருகு ஆணியைக் கேளுங்கள்; துளை போடும்போது டிரில்லின் அடிக்கும் விசையை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கல்லின் உட்சுவர் உடைந்து ஓட்டை பெருக்கும். கடற்காற்றுக்கு இரும்பு ஆணியும் தகர ஓரப்பட்டையும் கூடாது. நடு ஆணி பிளாஸ்ரிக் அல்லது துருப்பிடிக்காத உருக்கு, ஓரப்பட்டை பிவிசி.

பசையைப் பலகையின் நான்கு ஓரமும் வரம்பாக இட்டு, நடுவில் மூன்று உருண்டை வையுங்கள். உருண்டை மட்டும் வைத்து அமத்தினால் வேலை வேகமாக முடியும், ஆனால் பலகை ஆடும், பின்னால் காற்றும் தண்ணீரும் ஓடும். இரண்டு பலகைக்கிடையில் நீக்கல் வந்தால் ரெஜிபோம் சீவலைச் செருகுங்கள். அங்கே பசை நிரப்பினால் மாரியில் அந்தக் கோடு தனியாகத் தெரியும்.

தம்பி வீட்டில் போன வருடம் போட்டார்கள். யன்னல் மூலைகளிலிருந்து சரிவாக வெடிப்பு ஓடுகிறது, மழைக்கு உள்ளே ஊறுகிறது. – வாசகர், மூதூர்

சரிவு வெடிப்புக்குக் காரணம் அனேகமாக இரண்டில் ஒன்று. பலகைகளின் மூட்டு யன்னல் மூலைக்கு நேரே விழுந்திருக்கும். மூலையில் முழுப் பலகையை ‘ட’ வடிவில் வெட்டி வைத்திருக்கவேண்டும். அல்லது மூலைக்குக் குறுக்கே 12க்கு 8 அங்குல வலைத்துண்டு பதிக்கவில்லை. வலை பூச்சுக்குள்தான் கிடக்கவேண்டும். வெறும் ரெஜிபோமில் விரித்து மேலே பூசியிருந்தால் அது வலை இல்லாததற்குச் சமம். ஓரிடத்தில் சுரண்டிப் பாருங்கள். வலை ரெஜிபோமோடு ஒட்டிக் கிடந்தால் மேலால் பூசித் திருத்துவது வீண், அந்தப் பகுதியை உரித்துத்தான் செய்யவேண்டும்.

ஊறுவது வேறு கதை, அதுதான் கூடுதல் ஆபத்து. அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்மிங்ரன் என்ற கடலோர நகரில் 1990களில் இந்தப் பூச்சுப் போட்ட மரச்சட்ட வீடுகள் பல உள்ளே உக்கிப்போயின. பூச்சு கெட்டுப்போகவில்லை, யன்னல் ஓரத்தால் புகுந்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. நம் புளொக் கல் உக்காது, ஆனால் யன்னல் சட்டமும் கூரை தாங்கும் மரமும் உக்கும். சட்டத்துக்கும் பூச்சுக்கும் இடையில் 10 மி.மீ. இடைவெளி வெட்டி, போம் கயிறு (இடைவெளியை நிரப்பும் நுரைக் கயிறு) செருகி, அதன்மேல் பொலியூரிதேன் சீலன்ற் இடச் சொல்லுங்கள். சீமெந்துப் பூச்சைச் சட்டத்தோடு முட்டப் பூசி முடித்திருந்தால் அந்த மூட்டு எப்படியும் பிளக்கும். இதை வெடிப்புத் திருத்தத்துக்கு முன், மாரிக்கு முன் செய்யுங்கள்.

கறையானும் எலியும் ரெஜிபோமுக்குள் புகாதா? – வாசகர், சாம்பல்தீவு

தின்ன வராது, ஆனால் குடைந்து வழி போடும். பலகையை மண்ணிலிருந்து எட்டு அங்குலம் மேலே தொடங்குங்கள். அந்த வெறும் பட்டையில் கறையான் மண்கோடு ஏறினால் கண்ணில் படும். கீழ் ஓரத்தை வலையால் மடித்துப் பூசி மூடாமல் விட்டால்தான் எலிக்கு வாசல். அந்த எட்டு அங்குலத்தை மறைக்கப் பூஞ்சாடியோ விறகோ அடுக்காதீர்கள்.