பின்புறத் தகட்டில் முன்னவர் போட்ட துளைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் வாங்கிய பழைய காரின் பின்புறத் தகட்டில், முன்பு வைத்திருந்தவர் கூடுதல் விளக்கும் சின்னங்களும் பொருத்துவதற்காகப் போட்ட துளைகள் பல உள்ளன. எல்லாம் 6 மி.மீ.க்கு உட்பட்டவை. பட்டி வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது. பட்டி என்பது தகட்டின் மேலுள்ள சிறு மேடுபள்ளங்களைச் சமன்செய்வதற்கான பொருள். இல்லாத தகட்டுக்கு அது ஈடாகாது. பாலியெஸ்டர் பட்டி காய்ந்த பிறகும் ஈரத்தை உறிஞ்சும். வெளிப்பக்கம் எவ்வளவு நல்ல பெயின்ட் இருந்தாலும், டிக்கிக்குள் தேங்கும் ஈரம் துளையின் வழியாகப் பட்டிக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். துளையின் விளிம்பில் துரு பிடித்ததும் பட்டியின் பிடி விட்டு, பெயின்டில் முதலில் ஒரு வட்டக் கோடும் பிறகு கொப்புளமும் தெரியும். கண்ணாடி இழை கலந்த பட்டி ஈரத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்றாலும், துளையை அடைப்பதற்கு அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: எந்தத் துளை ஆலையிலேயே போடப்பட்டது, எது பின்னாளில் போடப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வேலையைத் தொடங்கும் முன் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆலையில் அச்சால் குத்திய துளையின் விளிம்பு சீராக இருக்கும். அதன் உள்சுவரிலும் பழைய பிரைமர் படிந்திருக்கும். கையால் துளையிட்ட இடத்தில் உட்புறமாக விரலை வைத்துத் தடவினால் பிசிறு நெருடும், விளிம்பு வெறும் துருவாக இருக்கும், பெரும்பாலும் அதைச் சுற்றித் தகடு சற்று உள்வாங்கியும் இருக்கும். சின்னங்களுக்கான துளைகள் ஆலையிலேயே ஒரு பக்கம் மட்டும் போடப்பட்டிருக்கக்கூடும் என்பதால், மறுபக்கத்தில் இணையான துளை இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், அந்த மாடலின் உதிரிபாகப் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

கேள்வி: வெல்டிங் செய்தால் தகடு நெளிந்துவிடும் என்கிறார்கள். நெளியாமல் அடைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. நெளிவுக்குக் காரணம் வெப்பம் ஓரிடத்தில் தேங்குவதுதான். ஆகவே முறை முழுவதும் அதைத் தவிர்ப்பதற்கானதே. பழைய கார்களின் உடற்தகடு பொதுவாக 0.8 முதல் 1 மி.மீ. கனமே இருக்கும் என்பதால், சாதாரண ராடு வெல்டிங் இதற்கு ஒத்துவராது, ஓட்டைதான் பெரிதாகும். 0.6 மி.மீ. கம்பியும் ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவும் கொண்ட மிக் வெல்டிங் (கம்பியே துப்பாக்கி வழியாகத் தொடர்ந்து வந்து உருகும் முறை) ஏற்றது. கை பழகியவர்களுக்கு டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையால் உருக்கி, கம்பியைத் தனியாகக் கையால் ஊட்டும் முறை) இன்னும் மென்மையான இணைப்பைத் தரும்.

துளையைச் சுற்றி இரண்டு விரற்கடை அகலத்துக்கு, உள்ளும் வெளியும், பெயின்டையும் துருவையும் நீக்கித் தகட்டைப் பளபளவென்று ஆக்குங்கள். துளையின் விளிம்பையும் அரத்தால் தேய்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஒட்டியிருக்கும் துருவே வெல்டில் பொத்தல் விழுவதற்கு முதற்காரணம். உள்வாங்கிய தகட்டை இந்த நிலையிலேயே தட்டி நேராக்கிவிடுங்கள். பிறகு ஒரு செம்புத் தகட்டை, அல்லது தட்டித் தட்டையாக்கிய செம்புக் குழாய்த் துண்டை, பின்னாலிருந்து துளையின் மேல் இறுக அழுத்திப் பிடிக்க உதவியாளர் ஒருவரிடம் சொல்லுங்கள்; செம்பு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், உருகிய எஃகும் அதில் ஒட்டாது. விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சிறுசிறு புள்ளிகளாக வெல்டு வைத்து, ஒரு துளை கை பொறுக்கும் அளவுக்கு ஆறும் வரை தள்ளியுள்ள வேறொரு துளைக்குச் செல்லுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பதை நான் ஏற்பதில்லை.

6 மி.மீ.க்கு மேற்பட்ட துளையை வெல்டால் நிரப்ப முயலாமல், அதே கனமுள்ள தகட்டில் வட்டம் வெட்டிப் பொருத்தி, எதிரெதிர்ப் புள்ளிகளில் முதலில் பிடித்துவிட்டு, பிறகு சுற்றிலும் இணைக்க வேண்டும்.

கிரைண்டர் பிடிக்கும்போதும் இதே பொறுமை தேவை, தகடு நீலம் பாய்ந்தால் அங்கே வெப்பம் மிஞ்சிவிட்டது என்று பொருள். வெல்டு ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுக்கும். எனவே அதை ஏறக்குறையச் சமமாகத் தேய்த்தபின், பின்னால் டாலி என்னும் கனமான இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடித்து வெல்டின் மீதே சுத்தியலால் மெல்லத் தட்டினால், சுருங்கிய இடம் விரிந்து தகடு பழைய வடிவுக்குத் திரும்பும்.

கேள்வி: பெட்ரோல் டேங்க் அருகில் இருக்கிறது. அதில் பெட்ரோல் அதிகம் இல்லை என்பதால் கழற்றாமல் விடலாமா?

பதில்: கூடாது. ஏறக்குறையக் காலியான டேங்க்தான் ஆபத்தானது, ஏனெனில் அதற்குள் நிறைந்திருப்பது பெட்ரோல் ஆவி. டேங்கைக் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோய், குழாய் முனைகளை அடைத்து, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, டிக்கியின் விரிப்பு, தார் அட்டை, மின்கம்பிகள் ஆகியவற்றை அகற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் உடனே போய்விடாதீர்கள். தார் அட்டை வெகுநேரம் உள்ளுக்குள் கனன்று பிறகு தீப்பிடிக்கக்கூடும்.

கேள்வி: ஒரு துளை இரட்டைத் தகடுள்ள மூடிய பகுதியில் இருக்கிறது. பின்னால் கை போகாது.

பதில்: துளைக்குப் பொருந்தும் வட்டத் தகட்டின் நடுவில் ஒரு மெல்லிய கம்பியை வெல்டு செய்து, அதைப் பிடியாகக் கொண்டு வட்டத்தைத் தகட்டுக்குச் சமமாக நிறுத்திப் பிடித்து, சுற்றிலும் இணைத்தபின் கம்பியை வெட்டிவிடலாம். வெல்டிங் வெப்பத்தில் உட்புறப் பூச்சு கருகிவிடும்; பெயின்ட் வேலை முடிந்ததும் வடிகால் துளை வழியாகத் துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்சியே ஆக வேண்டும்.

கேள்வி: வெல்டிங் வேண்டாம் என்றால் எபாக்சி பசையால் உட்புறம் தகடு ஒட்டலாமா?

பதில்: பாரம் தாங்காத தகட்டில் ஒட்டலாம்; ஒட்டும் தகடு துளையைத் தாண்டிச் சுற்றிலும் 20 முதல் 25 மி.மீ. படியும்படி வெட்டுங்கள். ஆனால் கடும் வெயிலில் நிற்கும் காரில், குறிப்பாக அடர்நிறத்தில், ஒட்டின் விளிம்பு பெயின்டின் வழியாகத் தெரியக்கூடும். பிற்காலத்தில் அருகில் யாராவது வெல்டிங் செய்தால் ஒட்டு விட்டுப்போகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: வெல்டிங் முடிந்தபின் எந்த வரிசையில் பூச்சுகள் வர வேண்டும்?

பதில்: வெறும் தகட்டின் மேல் இருபுறமும் எபாக்சி பிரைமர், அதன் மேல் மெல்லியதாகப் பட்டி, பிறகு நிரப்பு பிரைமர், பெயின்ட். நிரப்பு பிரைமரின் மேல் கறுப்புப் பெயின்டை லேசாகத் தூவி, கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தால், பள்ளமான இடங்களில் மட்டும் கறுப்பு தங்கிக் காட்டிக்கொடுக்கும். துளை இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் அடிப்பதைவிடத் தகடு முழுவதும் அடிப்பது நல்லது.

கேள்வி: என் காரின் பின்புறத்தில் காந்தம் ஒட்டவில்லை. இதே முறைதானா?

பதில்: இல்லை. சில இடங்களில் மட்டும் ஒட்டவில்லை என்றால், அங்கே ஏற்கெனவே பட்டி கனமாகப் பூசப்பட்டிருக்கிறது. முதலில் அதைச் சுரண்டி அடித்தகடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எங்குமே ஒட்டவில்லை என்றால், பழைய லேண்ட் ரோவர்களைப் போல அலுமினியமாகவோ, 1953 முதல் வந்த கார்வெட் என்னும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரைப் போலக் கண்ணாடி இழையாகவோ இருக்கும். அலுமினியத்துக்குத் தூய ஆர்கானோடு மாறுமின்னோட்ட டிக் வெல்டிங் தேவை. கண்ணாடி இழையில், துளையின் விளிம்பை அகலமாகச் சரித்துத் தேய்த்து, பின்னாலிருந்தும் முன்னாலிருந்தும் இழையும் பிசினும் அடுக்கடுக்காக வைத்து நிரப்ப வேண்டும்.