மட்டக்களப்பில் ஊழியர்களை நிலைக்கச் செய்யக் கொடுப்பனவைக் கூட்டுவதா, ஆட்களைக் குறைப்பதா?

கல்லடிப் பக்கத்தில் கட்டடப்பொருள் விற்பனை நிலையம் நடத்தும் நீங்கள், 18 ஊழியர்களுக்கும் அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாயும் போக்குவரத்துக் கொடுப்பனவு 25,000 ரூபாயும் வழங்குவதாகவும், இரண்டு ஆண்டுகளில் ஏழு பேர் விலகியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கு 10,000 ரூபாய் கொடுப்பனவைக் கூட்டுவதா, ஆட்களை 14 ஆகக் குறைத்து மிச்சப்படும் பணத்தை மற்றவர்களுக்குப் பகிர்வதா என்பதே உங்கள் கேள்வி. நகரத்திலுள்ள மொத்த வியாபார நிலையமொன்றில் பதினொரு ஆண்டுகள் சம்பளக் கணக்கும் ஆட்கள் விடயமும் பார்த்தவன் என்ற முறையில், இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

எங்கள் நிலையத்திலும் சம்பளத்தை இப்படித்தான் பிரித்திருந்தார்கள். களஞ்சியப் பொறுப்பாளராக 16 ஆண்டுகள் நின்ற அண்ணர் ஒருவர் 64,000 ரூபாய் வாங்கினார். அதில் அடிப்படை 32,000 மட்டுமே. ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் எட்டு மாதச் சம்பளம், அதாவது 512,000 ரூபாய், வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் பணிக்கொடையாக வரும் என்று நம்பியே அவர் மகளின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருந்தார். கணக்கை அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் போட்டு 256,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காசோலையை எழுதியவன் நான் என்பதால் அவருடைய முகம் இன்றும் நினைவில் இருக்கிறது. அடுத்த மூன்று மாதங்களுக்குள் நான்கு இளைஞர்கள் விலகினார்கள். அவர்களில் ஒருவன், "களஞ்சியத்து அண்ணைக்கே இவ்வளவுதானெண்டா எனக்கு என்ன மிஞ்சப்போகுது?" என்று கேட்டுவிட்டுக் கட்டாருக்குப் போனான். சம்பளம் போதாமல் போகிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்த முதலாளிக்கு அன்றுதான் உண்மை விளங்கியது.

ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் நிறுவனம் 12 சதவீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 சதவீதம் முழுவதும் நிறுவனத்தின் செலவு. வாழ்க்கைச் செலவுப் படியும் அதையொத்த கொடுப்பனவுகளும், கொடுக்கும் உணவின் பெறுமதியும்கூட, இந்தக் கணக்கில் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவும் உண்மையான போக்குவரத்துச் செலவுக்குக் கொடுப்பதும் சேராது. பலர் சம்பளத்தின் ஒரு பகுதிக்குப் 'போக்குவரத்து' என்று பெயரிடுவதன் இரகசியம் இதுதான். கடைக்குப் பின்வீட்டிலிருந்து நடந்து வருபவருக்கும் அதே 25,000 ரூபாய் போக்குவரத்துக்காகப் போகிறதென்றால், தொழில் திணைக்கள அதிகாரி ஒருநாள் அதைக் கேள்வி கேட்கக்கூடும்.

கொடுப்பனவைக் கூட்டுவதற்குப் பதிலாக, இருப்பதை அடிப்படைச் சம்பளத்துடன் சேருங்கள் என்பதே என் யோசனை. உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். அந்த 25,000 ரூபாயை அடிப்படைச் சம்பளத்துடன் சேர்த்தால் நிறுவனத்துக்கு ஆளுக்கு மாதம் 3,750 ரூபாய் மேலதிகமாகச் செலவாகும். ஊழியரின் கையில் 2,000 ரூபாய் குறையும். அந்தக் குறைவை ஈடுசெய்யாமல் விட்டால், நன்மை செய்யப்போய்ப் பழி வாங்கிக்கொள்வீர்கள். அதற்காகச் சம்பளத்தை ஏறத்தாழ 2,175 ரூபாயால் உயர்த்தினால், அதன் பங்களிப்புகளையும் சேர்த்து ஆளுக்கு இன்னொரு 2,500 ரூபாய் ஆகும். 18 பேருக்கும் மொத்தம் மாதம் 112,500 ரூபாய். நீங்கள் நினைத்த கொடுப்பனவுக்கு 180,000 ரூபாய் வேண்டும். மிஞ்சும் 67,500 ரூபாயை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடாமல், நீண்டகாலம் நின்றவர்களுக்குக் கொடுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் உயரும்போதெல்லாம் புதிதாக வருபவரின் சம்பளம் ஏறி, எட்டு ஆண்டுகள் நின்றவருக்கும் அவருக்குமிடையே ஆயிரம் இரண்டாயிரம்தான் வித்தியாசம் என்ற நிலை வந்துவிடுகிறது. பழையவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆட்குறைப்பைப் பற்றி: 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கே என்று எல்லை வைத்திருப்பதால்தான் 14 என்ற எண் உங்கள் மனதில் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆனால் ஒருவர் விலகுவதற்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் ஏதாவது ஒரு நாளில் 15 பேர் இருந்திருந்தாலும், ஐந்து ஆண்டுகள் பூர்த்தியானவருக்குப் பணிக்கொடை கொடுத்தே ஆக வேண்டும். அத்துடன், முந்திய ஆறு மாதங்களில் சராசரியாக 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டம் சொல்கிறது.

பணம் செலவாகாத ஒரு விடயமும் இருக்கிறது. எங்கள் காசாளர் பிள்ளை கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலத்தால் வருபவர். மாலை ஆறு மணிக்குமேல் கணக்கு முடிக்கச் சொன்னால், பஸ் கிடைக்குமா என்ற பதற்றத்திலேயே பிழை விடுவார். அவருடைய நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியதும் பிழைகள் நின்றன. அதேபோல் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு, அதன் நிறைவான குளிர்த்தி முடியும்வரை எங்கள் ஆட்கள் லீவு கேட்பார்கள். காத்தான்குடியிலிருந்து வரும் முஸ்லிம் ஊழியர்கள் அந்த நாட்களில் அவர்களுடைய வேலையைப் பார்ப்பார்கள். நோன்பு காலத்தில் மாலை வேலையை எங்கள் ஆட்கள் பொறுப்பெடுப்பார்கள். முன்பு கடைசி நேரத்தில் சண்டையில் முடிந்த இந்த ஏற்பாட்டை, தை மாதத்திலேயே சுவரில் ஒரு பட்டியலாக எழுதித் தொங்கவிட்டோம். எழுதும் வேலையை என்னிடம் விடாமல் ஊழியர்களே செய்தார்கள்.

ஆகவே இந்த மாதச் சம்பளத்துடன் 18 பேருக்கும், இன்று விலகினால் சட்டப்படி தங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். உங்களுக்கே அந்தத் துண்டைக் கொடுக்கக் கூச்சமாக இருந்தால், எந்த வரியைத் திருத்த வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.