கொங்கிறீற் பீமின் கணினி மொடலில் மெஷ்ஷை, அதாவது பீமைப் பிரிக்கிற துண்டுகளின் வலையை, சிறிதாக்கச் சிறிதாக்க விடை மாறுது. எதை நம்புறது?

இப்போதைக்கு எதையும் நம்பவேண்டாம். நீங்கள் அபாகஸ் மென்பொருளில இறுதி வருட ஆய்வு செய்யிறீங்கள், கொங்கிறீற்றுக்கு சிடிபி (வெடிப்பையும் நொறுங்கலையும் கணக்கில எடுக்கிற) மொடல் போட்டிருக்கிறீங்கள் என்று வைச்சுச் சொல்லுறன்.

முதல்ல சிடிபியைக் கழட்டிப்போட்டு, கம்பியும் இல்லாமல் வெறும் எலாஸ்ரிக்காக ஓட்டுங்கோ. 200க்கு 300 மி.மீ. பீம், இரண்டு முனையிலும் சும்மா தாங்கின 3 மீற்றர் ஸ்பான், யங்கின் மட்டு 25,000 மெகாபஸ்கால், நடுவில 20 கிலோநியூட்டன் லோட். கைக்கணக்கில தொய்வு சரியாக 1 மி.மீ. வரும், வெட்டுவிசையால வாறதையும் சேர்த்தால் 1.03. மொடலில இதைவிட நல்லாக் குறைஞ்சால் சி3டி8 எலிமென்ற் (எட்டு மூலைத் திண்மத் துண்டு) வளைய மாட்டாமல் இறுகி நிற்குது. நல்லாக் கூடினால் சி3டி8ஆர் (அதின்ர இளக்கமான வகை) போட்டு உயரத்துக்கு ஒரே ஒரு எலிமென்ற் வைச்சிருப்பீங்கள். குறைஞ்சது 4 வையுங்கோ.

பிறகு அந்த 20 கிலோநியூட்டனை எடுத்துப்போட்டு சுயபாரம் மட்டும். மி.மீ.-நியூட்டன் முறையில அடர்த்தி ஒரு கன மி.மீ.க்கு 2.4×10⁻⁹ தொன், புவியீர்ப்பு 9810. சப்போற் விசைகளைக் கூட்டினால் 4238 நியூட்டன் வரவேணும். அடர்த்தியைக் கிலோகிராமில போட்டால் ஆயிரம் மடங்கு பாரம் விழும்.

இனி உங்கட பிரச்சினை. லோட்டை ஒரு நோட்டில (எலிமென்ற்றின் மூலைப் புள்ளியில) குத்தினால், சப்போற்றை ஒரு கோட்டில வைச்சால், அந்த இடத்துத் தகைப்புக்கு முடிவே இல்லை. மெஷ் சிறுக்கச் சிறுக்க ஏறிக்கொண்டே போகும். உருக்குத் தகடு வைச்சு லோட்டைப் பரப்புங்கோ, அந்த மூலையில தகைப்பு வாசிக்காதேங்கோ.

உடையிற லோட்டும் சேர்ந்து குறைஞ்சு போகுதென்றால் காரணம் வேற. இழுவைக்கு தகைப்பு-விகார வளைகோடு குடுத்திருப்பீங்கள். வெடிப்பு ஒரு வரிசை எலிமென்ற்றுக்குள்ளதான் ஒதுங்கும். 50 மி.மீ. எலிமென்ற்றை 25 ஆக்கினால் வெடிக்கச் செலவாகிற சக்தியும் பாதியாகும், பீம் முந்தி உடையும். விகாரத்துக்குப் பதிலாக வெடிப்பின் அகலத்தைக் குடுங்கோ. சி25/30 கொங்கிறீற்றுக்கு சராசரி வலிமை 33 மெகாபஸ்கால். 2010 மொடல் கோட் என்ற சர்வதேசக் கொங்கிறீற் வழிகாட்டியின்படி 33இன் 0.18ஆம் அடுக்கை 73ஆல் பெருக்கினால் முறிவுச் சக்தி மீற்றருக்கு 137 நியூட்டன் வரும். இழுவை வலிமை 2.6 என்றால், நேர்கோட்டில இறங்கி 0.105 மி.மீ. அகலத்தில பூச்சியமாகும். எலிமென்ற் கனசதுரத்துக்குக் கிட்டவாக இருக்கட்டும். அபாகஸ் திண்ம எலிமென்ற்றின் நீளத்தைக் கனவளவின் கனமூலமாகத்தான் எடுக்கும். நீட்டினால் சக்திக் கணக்குப் பிழைக்கும்.

கம்பி நல்லாப் போட்ட பீமில இந்த மெஷ் வித்தியாசம் தெரியாது என்று ஆராவது வந்து சொல்லுவினம். கம்பி இழுபட்டு உடையிற பீமுக்கு அது சரி. கம்பி குறைஞ்சதுக்கும் வெட்டில உடையிறதுக்கும் சரிவராது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேணும். வெளிநாட்டுக் கட்டுரையில இருந்து யங்கின் மட்டை அப்படியே எடுத்துப் போடுகினம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் போட்ட கொங்கிறீற்றுக்கும் கருங்கல் போட்டதுக்கும் மட்டு ஒன்றில்லை. குவார்ட்சைற் கல்லுக்கான மட்டில இருந்து சுண்ணக்கல்லுக்கு 10 வீதம் குறைக்கச் சொல்லி 2004ஆம் ஆண்டு யூரோகோட் 2 (ஐரோப்பியக் கொங்கிறீற் விதிநூல்) சொல்லுது. கியூப் உடைக்கேக்க ஒரு சிலிண்டரையும் வார்த்து மட்டை அளந்தால் என்ன? அறிக்கையில பத்துப் பக்கம் கலர்ப் படம் இருக்கும், சப்போற் விசையின் கூட்டுத்தொகை ஒரு வரியும் இராது.

கணக்கு ஒருங்கவில்லை (விடைக்கு வந்து நிற்கவில்லை) என்று சிடிபியில இருக்கிற விஸ்கொசிற்றி எண்ணைக் கூட்டியிருந்தால், அதைப் பத்தில ஒன்றாக்கித் திரும்ப ஓட்டுங்கோ. உடையிற லோட் அசைஞ்சால் அது பீமின்ர லோட் இல்லை.