மூச்சும் நுரையீரலும்: மலையடிவாரத்திலிருந்து வந்த கேள்விகள்

போடி: ஐயா, வேகவேகமா மூச்சு இழுத்தா ஆக்சிஜன் கூடுமா?
பதில்: கூடாது. ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மி.லி. காற்று உள்ளே போகிறது. அதில் 150 மி.லி. குழாயிலேயே நின்றுவிடும், ரத்தத்தைத் தொடாது. 200 மி.லி.யாக 30 தடவை இளைத்தால் நுண்ணறைக்கு (ரத்தம் ஆக்சிஜனை எடுக்கும் நுரையீரல் பைகளுக்கு) சேர்வது நிமிடத்துக்கு 1.5 லிட்டர். நிதானமாக 500 மி.லி. 12 தடவை இழுத்தால் 4.2 லிட்டர். இரண்டிலும் இழுத்தது 6 லிட்டர்தான்.

மூணாறு: இங்கே காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைவா?
பதில்: அதே 21. குறைவது அழுத்தம், 1,500 மீட்டரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

தேவாரம்: கிணத்துல முங்குறதுக்கு முன்னாடி இருபது தடவை இழுத்து விட்டா ரொம்ப நேரம் உள்ள இருக்க முடியுது. செய்யலாமா?
பதில்: செய்யவே செய்யாதீர்கள். ரத்தம் ஏற்கெனவே ஆக்சிஜனால் 97, 98 சதவீதம் நிறைந்திருக்கிறது, மேலும் ஏற்ற இடமில்லை. நீங்கள் வெளியேற்றுவது கரியமில வாயுவை. மூச்சுக்குத் தவிக்க வைப்பது அதுதான்.

தேவாரம்: கடிகாரம் வச்சே பார்த்தோம், நேரம் கூடுதே?
பதில்: தம்பி, கூடும். ஆபத்தே அதில்தான். தவிப்பு வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே நினைவு போய்விடும். நன்றாக நீந்துகிறவர்களும் இப்படிச் சாகிறார்கள்.

குமுளி: ஏலக்காய் உலர்த்துற ஸ்டோர்ல விறகு போட்டா எல்லாருக்கும் தலைவலி. ஆக்சிமீட்டர் 98 காட்டுது.
பதில்: அந்த 98-ஐ நம்பாதீர்கள்! விறகுப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடிக்கும். கருவி நிறத்தைத்தான் பார்க்கிறது. ஹீமோகுளோபின் பிடித்திருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று அதற்குத் தெரியாது. கரியமில வாயு வழக்கம்போல் வெளியேறுவதால் மூச்சும் முட்டாது. உடனே எல்லாரும் வெளியே வாருங்கள். தலை சுற்றல், வாந்தி இருந்தால் மருத்துவமனைக்குப் போய், விறகுப் புகை என்று சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம். முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி. புகைக்குழாயில் விரிசல், அடைப்பு பார்க்காமல் மறுபடி அடுப்பு மூட்டாதீர்கள்.

செங்கோட்டை: ஆக்சிமீட்டர் 96. பயப்படணுமா?
பதில்: வேண்டாம்.

கூடலூர்: அடுப்புப் புகையில ஆக்சிமீட்டர் 97 இருந்தா சரிதானே?
பதில்: குமுளிக்குச் சொன்னதைப் படியுங்கள். சரியில்லை.

உத்தமபாளையம்: இன்ஹேலர் எத்தனை தடவை அடிக்கணும்?
பதில்: எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேளுங்கள்.

கம்பம்: மெழுகுவத்தி அணையலைன்னா கிணத்துல இறங்கலாமா?
பதில்: கூடாது. ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு இறங்கினால்தான் அது அணையும். கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் அளவு இருந்தாலும் எரியும். டீசல் மோட்டாரைக் கிணற்றுக்குள் ஓட்டாதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்தால் பின்னாலேயே இறங்காமல் 101-க்குக் கூப்பிடுங்கள்.